வயர்லெஸ் திருட்டு அலாரம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

திருட்டு அலாரம் இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். கத்தக் கூடாத நேரத்தில் கத்தும். கத்த வேண்டிய நேரத்தில் வாயே திறக்காது. முதல் வகையை யாரும் விட்டுவைப்பதில்லை. நடுராத்திரியில் இரண்டு தடவை எழுப்பிவிட்டால் போதும், மறுநாளே ஆளைக் கூப்பிட்டுவிடுவோம். இரண்டாவது வகைதான் வருஷக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். வயர்லெஸ் அமைப்பில் இந்த ஆபத்து கூடுதல். கம்பி இழுத்த சென்சாரில் கம்பி அறுந்தால் சுற்று முறிந்து, பேனலுக்கு (எல்லா சென்சாரின் செய்தியும் வந்து சேரும் மையப் பெட்டி) உடனே தெரிந்துவிடும். வயர்லெஸ் சென்சார் செத்துப்போனால், பேனல் அதைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். தேடாத பேனலுக்கு, பத்திரமாக மூடியிருக்கும் கதவும் பேட்டரி தீர்ந்த சென்சாரும் ஒன்றுதான். அதனால் சத்தமில்லாத கோளாறுகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொய் அலாரம் பிறகு.

கைவைக்கும் முன்

பேனலை டெஸ்ட் மோடில் போடுங்கள். கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைப்பு இருந்தால் அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். சைரன்கள் ஒரு மீட்டர் தூரத்திலேயே 100 டெசிபெல்லைத் தாண்டுபவை. ஏணியில் ஏறி அதன் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டாம்.

அப்புறம், பேனலிலோ ஆப்பிலோ இருக்கும் நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். எந்த சென்சார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னது என்பது அதில் இருக்கும். இதைப் பார்க்காமலே பேட்டரி மாற்றத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரியையும் மாற்றி, இடத்தையும் மாற்றிவிட்டால் எது சரிசெய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கதவைத் திறந்தால் பேனல் கண்டுகொள்ளவே இல்லை

கதவைத் திறக்கும்போது சென்சாரில் இருக்கும் சின்ன விளக்கைக் கவனியுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த அந்த விளக்கை அணைத்து வைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் கோளாறு சென்சாருக்குள்தான். பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், கதவு சென்சாருக்குள் இருக்கும் ரீடு சுவிட்சைச் சோதிக்க வேண்டும். அது கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள்; காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். கையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு, பெட்டியில் குறி போட்டிருக்கும் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கள். அதற்கும் விளக்கு எரியாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. கீழே விழுந்த சென்சாரில் இந்தக் கண்ணாடி விரிசல் விடுவது உண்டு.

விளக்கு எரிகிறது, பேனல் மட்டும் மௌனம் என்றால் செய்தி கிளம்புகிறது, போய்ச் சேரவில்லை. சென்சாரைக் கழற்றி, பேனலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் வைத்து இயக்குங்கள். பேனலோடு ஒட்டி வைக்க வேண்டாம். மிக அருகில் வரும் பலமான சிக்னலில் சில ரிசீவர்கள் திணறும். பக்கத்தில் வேலை செய்கிறது, கதவில் வேலை செய்யவில்லை என்றால் இடம்தான் பிரச்சினை. அடுத்த பகுதிக்குப் போங்கள். பக்கத்திலும் வேலை செய்யவில்லை என்றால் பேனலில் அந்தச் சென்சாரை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கதவு திறந்தது பேனலுக்குத் தெரிகிறது, பதிவிலும் இருக்கிறது, ஆனால் சைரன் ஒலிக்கவில்லை. இது ரேடியோ கோளாறு கிடையாது, செட்டிங்ஸ். எப்போதோ அந்த சென்சாரை பைபாஸ் செய்து, அதாவது அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று பேனலுக்குச் சொல்லி, அப்படியே விட்டிருக்கலாம். வீட்டில் ஆள் இருக்கும்போது போடும் மோடில் அது சேர்க்கப்படாமல் இருக்கலாம். அல்லது உள்ளே வருபவர் ரகசிய எண்ணை அழுத்துவதற்காகத் தரும் அவகாசம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இந்த மூன்றிலும் அடங்காத, நான் மிகவும் அஞ்சுகிற வகை ஒன்று இருக்கிறது. 433 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மலிவான கிட்டுகளில் பல ஒருவழிப் பேச்சு மட்டும் தெரிந்தவை. கதவு திறந்ததும் சென்சார் தன் எண்ணைச் சில முறை ஒலிபரப்பிவிட்டுத் தூங்கிவிடும். கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இவி1527 போன்ற சிப் போட்டவை எப்போதும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும், அதை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பலாம் என்பது தனிப் பிரச்சினை. அதைவிடப் பெரியது, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பேனல் விசாரிப்பதே இல்லை என்பது.

நல்ல அமைப்பில் ஒவ்வொரு சென்சாரும் குறித்த இடைவெளியில் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அந்த இடைவெளி சிலவற்றில் சில நிமிடம், சிலவற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல். குரல் வராமல் குறித்த காலம் கடந்தால் பேனல் புகார் செய்யும். உங்கள் பேனல் இதைச் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும். யாராவது வீட்டில் இருக்கும் நாளில், ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியை மாட்டுங்கள். மூடியைத் திறக்கும்போது வரும் டேம்பர் (யாரோ கைவைக்கிறார்கள் என்ற) எச்சரிக்கையை ரத்து செய்துவிட்டு, மறுநாள் வரை காத்திருங்கள். பேனல் "சென்சார் காணவில்லை" என்றால் நிம்மதி. எல்லாம் சரி என்று பச்சை விளக்கையே காட்டிக்கொண்டிருந்தால், கண்காணிப்பு வசதி செட்டிங்ஸில் அணைந்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வசதியே இல்லையென்றால் அந்தக் கிட்டை வாசல் கதவுக்கு நம்பாதீர்கள். எந்தப் பழுது பார்த்தாலும் அதில் இந்தக் குறை தீராது.

"சென்சார் காணவில்லை" என்ற செய்தி அடிக்கடி வருகிறது

முதல் கேள்வி: காணாமல் போவது ஒன்றா, பலவா?

ஒன்றே ஒன்று என்றால் அந்தச் சென்சாரின் பேட்டரி, இல்லையென்றால் அது இருக்கும் இடம். சிக்னல் அளவை ஆப்பில் பார்க்கும்போது கதவையெல்லாம் திறந்து போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள். இரவில் வீடு எப்படி இருக்குமோ அப்படி வைத்துப் பாருங்கள்: எல்லாக் கதவும் மூடி, ஷட்டர் இறக்கி, கார் உள்ளே நிறுத்தி. பகலில் நல்ல சிக்னல் காட்டும் கராஜ் சென்சார், கார் குறுக்கே வந்ததும் சரிந்துவிடும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபெல் குறையும், அதாவது அதன் சக்தி கால்பங்காகிவிடும். வீட்டுக்குள் தூரத்தைவிட உலோகம்தான் பகை. கம்பி கட்டிய கான்கிரீட், இரும்புக் கதவு, ஃபிரிட்ஜ், அலுமினியத் தகடு ஒட்டிய வெப்பத் தடுப்பு அட்டை, ஆளுயரக் கண்ணாடி (பின்பக்கம் உலோகப் பூச்சு) இவற்றில் எது சென்சாருக்கும் பேனலுக்கும் நடுவே வந்தாலும் சிக்னல் அடிவாங்கும். இரும்பு நிலையின் மேலேயே சென்சாரை ஒட்டியிருந்தால் அதன் ஆன்டெனாவே குழம்பிப்போகும். ஒரு பிளாஸ்டிக் துண்டை இடையில் கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சில சமயம் கொஞ்சம் நகர்த்தினாலே போதும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் ஒவ்வொரு அறையிலும் உண்டு. சென்சார் சரியாக அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்தாலும் சிக்னல் எடுக்காது. அலைநீளத்தில் கால்பங்கு நகர்த்திப் பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர், 868-க்கு சுமார் 9, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 3 சென்டிமீட்டர்தான். டபுள் சைடு டேப் ஒட்டுவதற்கு முன்பே, கையில் பிடித்துக்கொண்டு நாலைந்து இடத்தில் அளவெடுத்துவிடுவது நல்லது.

பல சென்சார்கள் ஒரே நேரத்தில் மறைந்து, ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன என்றால் சென்சார்களை விட்டுவிடுங்கள். பேனல் பக்கம் வாருங்கள். அது ரவுட்டரின் தலைமேல் இருக்கிறதா? இரும்புப் பெட்டிக்குள்ளா? டிவிக்குப் பின்னாலா? குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று ரேடியோ இரைச்சல் போடுகிறது. மட்டமான மொபைல் சார்ஜர்கள், எல்இடி விளக்கின் டிரைவர்கள் இதில் பேர் போனவை.

கண்டுபிடிக்க நல்ல வழி இது. பேனலில் இரைச்சல் அளவு காட்டும் திரை இருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். பேனல் தன் பேட்டரியில் ஓடும். (வீட்டில் மருத்துவக் கருவி ஏதாவது மின்சாரத்தில் ஓடுகிறது என்றால் இந்தச் சோதனை வேண்டாம்.) எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். எல்லா பிரேக்கரையும் கீழே இறக்கி, மெயினைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பிரேக்கராக மேலே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது எண் மறுபடி ஏறுகிறதோ அந்த லைனில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். மெயினை அணைத்தும் எண் இறங்கவில்லை என்றால் பேட்டரியில் ஓடும் பொருள்களைச் சந்தேகியுங்கள். பட்டன் மாட்டிக்கொண்டு விடாமல் ஒலிபரப்பும் ரிமோட், 433-இல் ஓடும் வானிலைக் கருவி, வயர்லெஸ் காலிங்பெல், ஏன், பக்கத்து வீட்டுக் கருவிகூட இருக்கலாம்.

வேண்டுமென்றே யாராவது இரைச்சல் போட்டாலும் அறிகுறி இதேதான்: எல்லாம் ஒரே நேரத்தில் மறையும். இது கற்பனைக் கதை இல்லை. 2014-இல் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் லோகன் லேம்ப் என்ற ஆய்வாளர், வீட்டு அலாரங்களின் ரேடியோ செய்திகள் குறியாக்கம் இல்லாமல் போவதையும், அவற்றை அடக்கவோ பொய்யாகக் கிளப்பவோ முடியும் என்பதையும் காட்டினார். இப்படி வேண்டுமென்றே இரைச்சல் போடுவதை (ஜாமிங்) கண்டறியும் வசதி பல பேனல்களில் இருக்கிறது. ஆனால் பொய் எச்சரிக்கைக்குப் பயந்து அணைத்தே வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் தேடி ஆன் செய்யுங்கள். அதன் பிறகு அடிக்கடி எச்சரிக்கை வந்தால் திரும்ப அணைக்காதீர்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் போடலாமா? போடலாம். ஆனால் அதன் பின்னால் இருக்கும் அத்தனை சென்சாரும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் இருக்கும். உள்ளே பேட்டரி இல்லாத ரிப்பீட்டர் என்றால் கரண்ட் போனதும் பாதி வீடு குருடாகிவிடும்.

புது பேட்டரி போட்டும் "பேட்டரி குறைவு"

மல்டிமீட்டர் 2.9 வோல்ட் காட்டுகிறது, அதனால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டிவிடுவார்கள். 3 வோல்ட் லித்தியம் பேட்டரி கடைசி வரை கிட்டத்தட்ட அதே வோல்டேஜைக் காட்டிக்கொண்டே வந்து, முடியும்போது சட்டென்று சரியும். சென்சார் தூங்கும்போது மைக்ரோஆம்ப் கணக்கில் இழுக்கும். ஒலிபரப்பும் நொடியில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு மின்சாரம் கேட்கும். அந்த நொடியில்தான் பழைய பேட்டரி மடங்கும். சும்மா வைத்து அளந்தால் இது தெரியாது. குளிர் இதை இன்னும் மோசமாக்கும். விடியற்காலையில் எச்சரிக்கை வந்து மதியம் தானாகப் போய்விடுகிறது என்றால் பேட்டரி தேறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. மாற்றுங்கள்.

மாற்றும்போது அதே வகையைப் போடுங்கள். சிஆர்123ஏ (3 வோல்ட் லித்தியம்) இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவுள்ள ரீசார்ஜ் பேட்டரியைத் திணித்தால், முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் வரை போகலாம், 3 வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட் வீணாகலாம். 1.5 வோல்ட் ஆல்கலைனுக்குப் பதில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் போட்டால் சீக்கிரமே குறைவு என்று காட்டக்கூடும். பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கழற்றிய பழையதையும் சேர்த்துத்தான். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கக்கூடியது அது.

சரியான பேட்டரி போட்டும் சில மாதங்களில் தீர்ந்துபோகிறதா? அப்படியானால் சிக்னல் அளவைப் பாருங்கள். இருவழிச் சென்சார்கள் பதில் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பும், சில தன் ஒலிபரப்புச் சக்தியையும் கூட்டும். பேட்டரிக் கோளாறு என்று நாம் நினைப்பது பல நேரம் ரேடியோ கோளாறு. இடத்தை மாற்றினால் பேட்டரி ஆயுள் தானாக நீளும்.

பேனலுக்குள் இருக்கும் பேட்டரியையும் மறக்க வேண்டாம். 12 வோல்ட் லெட் ஆசிட் வகை என்றால் மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் அதன் காலம். மெயின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சில மணி நேரம் ஓட விடுங்கள், கடைசியில் சைரனையும் ஒரு முறை அடித்துப் பாருங்கள். சைரன் அடித்தவுடன் பேனலும் அணைந்துவிட்டால் பேட்டரி போய்விட்டது.

மோஷன் சென்சார் முதல் தடவை பார்க்கிறது, அப்புறம் பார்ப்பதில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. பேட்டரியில் ஓடும் பிஐஆர் (உடல் வெப்பத்தை வைத்து அசைவைப் பிடிக்கும்) சென்சார்கள் ஒரு அசைவைச் சொன்னதும் சில நிமிடம் வாயை மூடிக்கொள்ளும். மூன்று நிமிடம் பல மாடல்களில் வழக்கம். அந்த நேரத்துக்குள் மறுபடி நடந்தால் கணக்கு திரும்ப முதலிலிருந்து தொடங்கும் வகைகளும் உண்டு. நீங்கள் சோதிக்கிறேன் என்று அறைக்குள் உலாத்திக்கொண்டே இருந்தால் அது விழிக்கவே விழிக்காது. அறையை விட்டு வெளியே போய் நாலைந்து நிமிடம் கழித்து வாருங்கள், அல்லது சென்சாரின் வாக் டெஸ்ட் மோடை (நடந்து பார்த்துச் சோதிப்பதற்கான மோடு) போடுங்கள்.

நிஜமாகவே பார்க்கவில்லை என்றால் அது நிற்கும் கோணத்தைப் பாருங்கள். பிஐஆர் பார்ப்பது உடல் வெப்பம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்வதை. குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரிடம் தாமதிக்கும். ஆகவே வாசலைப் பார்த்து நேராக வைப்பதைவிட, வருபவர் குறுக்கே கடக்கும்படி மூலையில், 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் வைப்பது நல்லது. அறை வெப்பம் 35 டிகிரியை நெருங்கினால் உடலுக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து, சென்சாரின் எட்டும் தூரமும் சுருங்கும். வெயில் காலத்து மதியத்தில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

ஆள் இல்லாமலே அலாரம் அடிக்கிறது

நிகழ்வுப் பதிவில் எந்த சென்சார் என்று பாருங்கள். மோஷன் என்றால் அதன் கண்ணிலிருந்து அறையைப் பாருங்கள்: ஏணியில் ஏறி, தலையை அதன் பக்கத்தில் வைத்து. ஹீட்டர் காற்று, ஏசி காற்றில் அசையும் திரைச்சீலை, ஜன்னல் வழியே வந்து தரையைச் சூடாக்கும் வெயில், சோஃபா மேல் ஏறும் பூனை எல்லாம் அங்கிருந்து தெரியும். லென்ஸின் மேல் ஊரும் சிலந்திகூட அதற்குப் பெரிய உருவம்தான். மெல்லிய துணியால் துடையுங்கள். செல்லப்பிராணிகளைத் தவிர்க்கும் மாடல், பிராணி தரையில் நடக்கும் என்ற கணக்கில் செய்தது. மாடிப்படியைப் பார்த்து வைத்தால் அந்தக் கணக்கு தப்பும்.

கதவு சென்சார் என்றால் சென்சாருக்கும் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். மரக்கதவில் பொதுவாக 2 சென்டிமீட்டர் வரை தாங்கும். இரும்பில் அதைவிடக் குறைவு. கீல் தளர்ந்து கதவு தொங்கினாலும், ஈரத்தில் மரம் உப்பினாலும் காந்தம் எல்லைக்கே போய்விடும். அப்புறம் காற்று ஒரு தட்டுத் தட்டினால் போதும். மூடிய கதவைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் கீலை இறுக்கிவிட்டு, காந்தத்தை நெருக்கி ஒட்டுங்கள்.

பொய் அலாரம் தொல்லை என்று அந்தச் சென்சாரையே பைபாஸ் செய்துவிடுவது பலர் செய்யும் வேலை. ஒரு வாரத்துக்கு என்று செய்தது நிரந்தரமாகிவிடும்.

சைரன் அடிக்கிறது, போனுக்கு ஒன்றும் வரவில்லை

போனிலிருந்து தொடங்குங்கள். பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி அலாரம் ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். அதற்கு விலக்குக் கொடுங்கள். தொந்தரவு செய்யாதே மோடிலும் ஒலிக்கும்படி அனுமதி கொடுங்கள். அடுத்து ரவுட்டர். கரண்ட் போனால் பேனல் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. சின்ன யூபிஎஸ் ஒன்று ரவுட்டருக்கும் மோடத்துக்கும் அவசியம். வைஃபை பாஸ்வேர்டு மாற்றினாலோ, புது ரவுட்டர் வந்தாலோ பேனலை மறுபடி இணைக்க வேண்டும். பல பேனல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும்.

சிம் போட்ட பேனல் என்றால் அது எந்தத் தலைமுறை நெட்வொர்க்கில் பேசுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 2022-இல் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, மாற்றப்படாத பழைய அலாரம் பேனல்கள் வெளியுலகத்தோடு பேச முடியாமல் போயின. பேனலில் கோளாறு எதுவும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்முக்கும் இதே கதிதான்.

வந்து வந்து போகும் கோளாறு

மேலே சொன்ன எதிலும் சிக்காமல் வாரம் ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறைவது கடினமான வகை. பேனல் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். நேரம், மழையா வெயிலா, அப்போது வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, யார் வந்து போனார்கள் என்று எழுதுங்கள். கோளாறு வரும் சென்சாரையும் ஒழுங்காக வேலை செய்யும் அதே மாடல் சென்சாரையும் இடம் மாற்றி மாட்டுங்கள், பேனலில் பெயரையும் மாற்றிக்கொண்டு. கோளாறு சென்சாரோடு போனால் சென்சாரை மாற்றுங்கள். கதவிலேயே தங்கிவிட்டால் அந்த இடத்துக்கு ரேடியோ சரிப்படாது. வெளியிலிருந்து கம்பி இணைக்கும் முனைகள் சில கதவு சென்சார்களில் உண்டு. கதவில் ஒரு சாதாரண ரீடு சுவிட்சை வைத்து, கம்பியால் இணைத்து, சென்சார் பெட்டியை சிக்னல் நன்றாக இருக்கும் பக்கத்துச் சுவருக்கு நகர்த்திவிடலாம். பேனலுக்கே கம்பி இழுக்க வழி இருந்தால் வாசல் கதவுக்காவது அதைச் செய்துவிடச் சொல்வேன்.

இடம் மாற்றி மாட்டியும் பிடிபடவில்லை என்றால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் அந்த நோட்டையும் நிகழ்வுப் பதிவையும் முதலில் காட்டுங்கள். வேலை முடிந்ததும் கதவை மூடி, ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அந்தக் கதவைத் திறந்து, சைரனும் போனும் இரண்டும் ஒலிக்கிறதா என்று அவர் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். சிம் இல்லாத பேனல் என்றால் ரவுட்டரை யூபிஎஸ்ஸில் விட்டுவிட்டு, மெயினை மட்டும் அணைத்துச் சோதிக்க வேண்டும்.